முள்ளம்பன்றி எழுதிய புத்தகமும் மின்னியின் கூட்டமும்

மூங்கில் காட்டுப் புள்ளிமான்கள் மின்னியைத் தலைவியாக்கின. வேகமாக ஓடுவாள், காற்றிலேயே ஆபத்தை மோந்துவிடுவாள் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கூட்டம் மொத்தமும் திரும்பி, அடுத்து என்ன என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தபோது, அவளுக்குப் பேச்சுக்குப் பதிலாக இருமல்தான் வந்தது.

"தலைவி ஏதோ சொல்றா, கேளுங்கப்பா," என்றாள் அவள் தங்கை தவிடி. "லொக்கு லொக்குன்னு சொல்றா."

கூட்டமே சிரித்தது. அந்த வெட்கத்தில்தான் மின்னி புத்தகத்தைத் தேடிப் போனாள்.

காட்டில் அப்போது எங்கே திரும்பினாலும் அந்த ஒரே புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. பெயர், 'சிலிர்த்து நில்'. எழுதியவர் முள்ளம்பன்றி சிலுப்பனார். தன் முதுகு முள்ளையே பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்து, தேக்கிலையில் நிறையப் படிகள் எழுதியிருந்தார். காட்டெருமை தன் படியில் பாதியைப் படித்துவிட்டு மீதியைத் தின்றுவிட்டது. இரண்டுமே நன்றாக இருந்ததாகச் சொன்னது. நரி முதல் இலையை மட்டும் படித்துவிட்டு, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியது.

மின்னி அப்படி இல்லை. கடைசி இலைவரை படித்தாள். தூக்கத்தில்கூடச் சொல்லும் அளவுக்குப் படித்தாள். எழுதியவரை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. அவர் பகலெல்லாம் வளைக்குள் தூங்குகிறவர்.

கொஞ்ச நாளில் அவள் நடையே மாறிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று யாராவது கேட்டால்கூட, கழுத்தை நிமிர்த்தி, புத்தகத்தில் இருந்து ஒரு வரியை எடுத்து விட்டாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதில் மின்னிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இனி எதிலும் தடுமாறவே கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்த மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்போதும் மந்திகள் உட்கார்ந்திருக்கும் மரத்தடியில்தான் மேயும். மந்திகள் மேலே இருந்து காயும் தழையும் உதிர்க்கும். தூரத்தில் புதர் அசைந்தால் கத்தும். மான்களுக்கு ஏதாவது வாடை வந்தால் காலைத் தரையில் உதைக்கும், உடனே மந்திகள் உச்சிக்கிளைக்கு ஏறிக்கொள்ளும். கண் மேலே, மூக்கு கீழே. இப்படியே இரண்டு கூட்டமும் பிழைத்து வந்தன.

அந்த வழக்கத்தைத்தான் மின்னி முதலில் நிறுத்தினாள். "அடுத்தவர் கண்ணால் பார்ப்பவர் தலைவர் அல்ல" என்று புத்தகம் சொல்லியிருந்தது. அதனால் இனிமேல் திறந்த புல்வெளியில் மேய்வோம் என்றாள்.

மந்திகளின் தலைவன் வாலப்பன் கிளையில் இருந்து தலைகீழாகத் தொங்கினான். அவனுக்கு எல்லோருடைய குரலும் வரும். சிலுப்பனாரைப் போல மூக்கால் பேசிக் காட்டினான், காட்டெருமையைப் போல அசைபோட்டுக் காட்டினான், கடைசியில் மின்னியைப் போல இருமியும் காட்டினான். பிறகு தன் சொந்தக் குரலுக்கு வந்தான்.

"அம்மணி, போறதுன்னா போங்க. நாங்க இந்த மரத்துலதான் இருப்போம். உங்க வாடை பிடிக்கிற மூக்கு இல்லாம எங்களுக்கும் தூக்கம் வராது."

மின்னி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது தலைமைக்கு அழகல்ல என்று எங்கோ படித்திருந்தாள்.

புல்வெளியில் புல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலை நேரம், காற்று மான்களின் பக்கமிருந்து எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டிருந்ததால் எந்த வாடையும் வரவில்லை. விசில் சத்தம்தான் வந்தது. செந்நாய்கள் விசிலடித்துத்தான் ஒன்றையொன்று கூப்பிடும். எதிரே புல்லை விலக்கிக்கொண்டு அவை வரிசையாக வெளியே வந்தன. நடுவில் அவற்றின் தலைவன் செம்பட்டை.

மான்களின் கால்கள் தாமாகவே ஓடத் தயாராகின. எல்லாக் கண்களும் மின்னியிடம் போயின. அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் புத்தகத்தின் ஏழாவது இலை நினைவுக்கு வந்துவிட்டது. எதிரி வந்தால் ஓடாதே, முதுகைக் காட்டிச் சிலிர்த்து நில், அவனே பயந்து ஓடுவான்.

"யாரும் ஓடக் கூடாது," என்றாள். "எல்லாரும் திரும்பி முதுகைக் காட்டுங்க."

கூட்டம் திரும்பி நின்றது. வெள்ளை வால்கள் வரிசையாகத் தூக்கி நின்றன. சிலிர்க்கச் சொன்னாள், சிலிர்த்தன. செந்நாய்கள் அப்படியே நின்றுவிட்டன. ஏதாவது பொறி வைத்திருக்கிறார்களோ என்று ஒன்று பின்வாங்கக்கூடச் செய்தது. மின்னிக்கு மகிழ்ச்சி பொங்கியது.

செம்பட்டை தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"நானும் எத்தனையோ காடு ஓடி வேட்டையாடியிருக்கேன். பந்தி போட்டு, பரிமாறியும் வெச்சிருக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

தவிடி மின்னியின் பக்கம் நெருங்கினாள். "அக்கா, நம்ம முதுகுல என்னதான் இருக்கு, இவங்க பயப்படறதுக்கு?"

மின்னி திரும்பித் தன் முதுகைப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகள். அழகாக இருந்தன. வேறொன்றும் இல்லை.

எடுத்த முடிவை மாற்றாதே என்றும் புத்தகம் சொல்லியிருந்தது. மாற்றினால் கூட்டம் மறுபடியும் சிரிக்கும். மாற்றாவிட்டால் சிரிக்கக் கூட்டமே இருக்காது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் யோசித்தாள்.

"நான் சொன்னது தப்பு. ஓடுங்க! மந்தி மரத்துப் பக்கம் ஓடுங்க!"

மான்கள் காற்றாய்ப் பறந்தன. செந்நாய்கள் பின்னால் துரத்தின. ஆனால் செந்நாய்கள் எல்லாம் பின்னால் வருவதில்லை, சில முன்கூட்டியே புதரில் பதுங்கி இருக்கும். அது மான்களுக்குத் தெரியாது. மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

வாலப்பன் இலந்தைப் புதரைக் காட்டிக் கத்தினான். அங்கே இரண்டு பேர், ஓடைப் பக்கம் திரும்புங்கள் என்றான். மின்னி அதைக் கேட்டு அப்படியே வளைந்தாள், கூட்டமும் வளைந்தது. மந்திகள் கிளை கிளையாகத் தாவி, கடைசிவரை வழி சொல்லிக்கொண்டே வந்தன. ஓடை தாண்டி, பாறை தாண்டி, செந்நாய்களுக்கு நாக்கு தொங்கும்வரை ஓட்டம் நிற்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழ மானின் வால்முடி மட்டும் கொஞ்சம் போயிற்று. அதை அவர் பெருமையாகவே காட்டிக்கொண்டு திரிந்தார்.

அன்று சாயங்காலம் மின்னி கோபத்தோடு சிலுப்பனாரின் வளைக்குப் போனாள். உங்கள் ஏழாவது இலையால் என் கூட்டமே போயிருக்கும் என்று சத்தம் போட்டாள். உள்ளே கொட்டாவிச் சத்தம் கேட்டது. பிறகு சிலுப்பனார் வெளியே வந்தார்.

"என் புத்தகத்துல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை," என்று மூக்கால் சொன்னார். "சிறுத்தையே வந்தாலும் இதான் நடக்கும், பாரும்மா." முதுகைத் திருப்பிச் சிலிர்த்தார். முட்கள் ஈட்டிகளாக எழுந்து சலசலத்தன. மின்னி தன்னை அறியாமல் நாலடி பின்னே தாவினாள்.

அவள் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. அவர் சொன்னது முழுக்க உண்மைதான், அவருக்கு.

"ஐயா, நீங்க எத்தனை பேருக்குத் தலைவரா இருந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

சிலுப்பனார் முட்களை மெதுவாகத் தாழ்த்தினார். யோசித்தார். எதிரே இருந்த கிழங்கைக் கொஞ்சம் உருட்டினார். "நான் மட்டும்தான்மா. என் பேச்சை நான் எப்பவும் மீறினதில்லை."

மின்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிலுப்பனாருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும், கூட்டமாக வாழ்வதைப் பற்றி அடுத்த புத்தகம் எழுதலாம் என்று ஆசை, அதற்கு உங்களோடு கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மின்னி தானே முடிவு சொல்லாமல், மந்தி மரத்தடிக்கு வந்து கூட்டத்தைக் கேட்டாள். மந்திகளையும் கேட்டாள்.

"வரட்டும், நல்லா எழுதட்டும்," என்றாள் தவிடி. "தூங்கறப்ப மட்டும் ஓரமா படுக்கச் சொல்லு."

புத்தகத்தைப் படிப்பவர், அதை எழுதியவரின் முதுகில் என்ன இருக்கிறது, தன் முதுகில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.