வீட்டுக்காரர் குடிவந்த கதை

"குடி வர்றவங்க ஒருத்தருமே நிக்க மாட்டீங்கறாங்க, அம்மணி," என்றார் முத்துரத்தினம்.

கோகிலவாணி வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவர் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணம் முழுவதையும் போட்டு, தன் வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அவள் அவரைவிட ரொம்பவே சின்னவள். ஆனாலும் திருப்பூரில் அந்தப் பக்கம் புதிதாக வீட்டுக்காரர் ஆனவர்கள் எல்லாம் சிக்கல் என்றால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவள் வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு முன்னால் 'டு-லெட்' போர்டு தொங்கி யாரும் பார்த்ததில்லை.

"வீட்டுல என்ன குறைங்க?" என்றாள்.

"ஒரு குறையுமில்லை. தரையெல்லாம் கிரானைட். வாடகையும் அந்தத் தெருவுலயே கம்மி. இப்ப இருக்கற பொண்ணு ஜெயசுதாவும் ஆடிக்கு முன்னால காலி பண்றேன்னுடுச்சு."

ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. பிறந்துவிட்டால் அந்த மாதம் முழுக்க ஒருவரும் வீடு மாற மாட்டார்கள். மாடி காலியாகவே கிடக்கும்.

"கிடந்தா என்னவாம்?"

"வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்குப் பையன்கிட்டப் போயிரலாங்கறா என் சம்சாரம். அவன் வீட்டு ஹால்ல சோபாவுல படுத்துக் கிடக்க என்னால ஆகாது. நான் இங்கயேதான் இருக்கப் போறேன். அதுக்கு என்ன பண்ணணும்னாலும் பண்றேன். வழி சொல்லுங்க."

கோகிலவாணி குழாயைத் திறந்து பார்த்தாள். சொட்டவில்லை.

"என்ற மேல் வீடு இப்பத்தான் காலியாச்சு. இருந்தவங்க சொந்த வீடு கட்டிப் போயிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதுல குடியிருங்க."

"நானா? எதுக்குங்க?"

"வழி கேட்டீங்களே."

சொந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருக்க, இந்த வயதில் குடித்தனக்காரராவதா என்று அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டார், பின்வாங்குகிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போய் வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். மாடிக் கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு முருகன் காலண்டர் தொங்கியது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் சனிக்கிழமை. உலகமே இடிந்தாலும் அவர் எண்ணெய்க் குளியலை விட மாட்டார். எண்ணெய் போகத் தலையில் அரப்புப் பொடியைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டு குழாயைத் திருகினார்.

காற்றுதான் வந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கைப்பிடிச் சுவருக்கு வந்தார்.

"அம்மணி! மோட்டார் போடுங்க!"

"நேத்துத்தானே போட்டேன்? தண்ணிய என்னதான் பண்றீங்க?" என்றது கீழேயிருந்து குரல்.

"தலையில அரப்போட நிக்கிறனுங்க!"

"பூசையில இருக்கறேன். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

பூசை முடிகிற பாடாக இல்லை. அரப்பு நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. எதிர் மாடியில் துணி காயப்போட்ட பெண் அவரைப் பார்த்துவிட்டு, நாகரிகமாகத் திரும்பிக்கொண்டாள். அவருக்கு உயிரே போய்விட்டது. ஓடுகிற பேருந்தை நடுரோட்டில் நிறுத்திய ஆள், ஒரு வாளித் தண்ணீருக்குத் துண்டோடு காத்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து மனைவி ருக்குமணி தூக்குப்போசியில் இட்லியோடு வந்தாள். கேட்டிலேயே கோகிலவாணி மறித்தாள்.

"யாரைப் பாக்கணும்? எத்தனை பேரு வர்றீங்க? ராத்திரி தங்கறாப்பலயா?"

ருக்குமணி ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். படியேறும்போதும் சிரித்தாள், அரப்போடு நின்றவரைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

"உனக்கென்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. இதே பேச்ச நம்ம வாசல்ல கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு."

முத்துரத்தினம் அப்படியே படியிறங்கிப் போனார். கோபத்தில் வேட்டி கட்டக்கூடத் தோன்றவில்லை.

"ஒரு வாய்த் தண்ணிக்குக் கெஞ்சணுமா? நான் என்ன ஓசியிலயா இருக்கறேன்?"

கோகிலவாணி பூசையில் இல்லை. காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான் ஜெயசுதாவும் சொல்லுச்சுங்க," என்றாள்.

"எந்த ஜெயசுதா?"

"நேத்து காலையில இந்த மேல் வீட்டைக் கேட்டு வந்துச்சு. இருக்கற வீட்டை ஏம்மா விடறேன்னு கேட்டேன். வீட்டுக்காரர் பேசறதையெல்லாம் அப்படியே பேசிக் காட்டுச்சு."

முத்துரத்தினத்துக்கு வெட்கம் அரப்பைவிட அதிகமாக எரிந்தது.

"வீடு தர்றேன்னுட்டீங்களா?"

"இன்னைக்குச் சாயங்காலம் சொல்றேன்னுருக்கறேன்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு மாடி ஏறினாள். அவரும் பின்னாலேயே ஏறினார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த முருகன் காலண்டரைக் கழற்றினாள். அதற்குப் பின்னால், கைக்கு எட்டுகிற உயரத்தில், மோட்டார் சுவிட்ச் இருந்தது.

"நீங்க வேட்டி எடுக்கப் போனப்பத்தான் இந்தக் காலண்டரை மாட்டுனேன்," என்றாள்.

சுவிட்சைத் தட்டினாள். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது.

"தண்ணி ஏறட்டும். குளிச்சுட்டுப் போங்க."

"நேரமில்லீங்க," என்றார் முத்துரத்தினம்.

போகிற வழியிலேயே எலக்ட்ரீசியனைக் கையோடு கூட்டிக்கொண்டார். அவசரமாகச் சுற்றிய வேட்டியும் மார்பில் துண்டும் தலையில் காய்ந்த அரப்புமாகத் தன் மாடிப்படி ஏறினார். எப்போதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவர், வெளியே நின்று தட்டினார்.

ஜெயசுதா திறந்தாள். கையில் சணல் கயிறு. பின்னால் பாத்திர மூட்டைகள் பாதி கட்டியபடி கிடந்தன.

"என்ன சார்? நாங்கதான் காலி பண்றோமே?"

"மோட்டார் சுவிட்சை என்ற வீட்டுக்குள்ள இருந்து கழட்டி இங்க மேல மாட்டறோம்மா," என்றார். "இப்பவே. இனி நீ எப்ப வேணா போட்டுக்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன். யாரு வர்றாங்கன்னும் கேக்க மாட்டேன்."

அவள் அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எலக்ட்ரீசியன் கதவுக்கு வெளிப்பக்கச் சுவரில் பென்சிலால் ஒரு குறி போட்டான்.

ஜெயசுதா கயிற்றைக் கீழே வைத்தாள்.

"அங்க வேண்டாண்ணா," என்றாள். "ஐப்பசி மழைக்கு அந்தச் சுவத்துல சாரல் அடிக்கும். உள்ள தள்ளி மாட்டுங்க."