பலூன் ஒட்ட இடமில்லாத பக்கம்

“என் பொண்ணு மூஞ்சி மேல பேப்பரை ஒட்டச் சொல்லுதீங்களே டீச்சர், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

நெல்லையப்பன் இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். முதல் இரண்டு முறையும் டீச்சர் பதில் சொல்லாததற்குக் காரணம், பல்லில் நூலைக் கடித்திருந்ததுதான். தன் புதிய புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் செலின். சீடருக்கு அறுபது நெருங்குகிறது. மின்வாரியத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமம் என்றால் தூத்துக்குடியில் உப்பளத்தைப் பார்த்த ஒரு மொட்டைமாடி அறை. அங்கே கொடியில் துணிக்குப் பதில் படம் வரைந்த தாள்கள் காயும்.

செலின் சித்திரக்கதைக்காரி. எழுதுவது, வரைவது, அச்சகத்துக்கு ஓடுவது, மடிப்பது, தைப்பது, புத்தகக் கண்காட்சியில் ஓரமாக ஒரு மேசை போட்டு உட்காருவது, எல்லாம் அவளே. முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வீரர்களின் தோள்பட்டை வரைந்தாள். முகம் வேறொருவர், வாள் வேறொருவர், வசனம் யாரோ. ஒருநாள் ஒரு தோள்பட்டையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறினாள். அன்றிலிருந்து கதையும் படமும் சொந்தம். மேசைக்கு வருகிறவர்கள் “பிள்ளைங்களுக்கா?” என்பார்கள். “இல்லை” என்பாள். எடுத்ததை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷமும் அதே மேசையைப் போடுவாள்.

அந்த மேசையில்தான் நெல்லையப்பன் ஒரு புத்தகத்தை எடுத்தார். நின்ற இடத்திலேயே கடைசிவரை படித்தார். எனக்குக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை. மகள் கோமதி, தானே ஒருவனைப் பார்த்துவைத்திருப்பதாக வீட்டில் சொன்ன நாளோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுவிட்டது. இவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. அந்த நாளை அப்படியே வரைந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்தால் புரிந்துகொள்வாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாய் சொல்லவில்லை. அந்த வயது ஆண்களுக்கு அது தொண்டையில் மீன்முள்.

செலின் முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான். முதலில் பேச்சை எழுது. அதைச் சுற்றி வட்டம் போடு, அதுதான் பலூன். மிச்சமுள்ள இடத்தில் ஆளை வரை. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிந்துபோகிற கோபத்துக்குத் தமிழில் மூன்று வரி வேண்டும். இடம் ஒதுக்காமல் வரைந்தால் பிறகு திண்டாட்டம்தான்.

கேட்டாரா? படத்தை முதலில் முடித்துவிட்டார். மின்கம்பத்தை அங்குலம் தவறாமல் போட்ட கை. குறை சொல்ல முடியாது. கூடம், மின்விசிறி, ஆறிப்போன காப்பி, கதவோரம் பையோடு நிற்கிற கோமதி, அவள் நெற்றியில் ஒட்டிய ஈர முடி வரைக்கும் வந்திருந்தது. அப்புறம்தான் வசனத்தைத் தனித்தாளில் எழுதி, பலூன் பலூனாகக் கத்தரித்துக் கொண்டுவந்தார். எங்கே வைத்தாலும் பலூன் கோமதியின் முகத்தில் போய் முட்டியது. சரியான இடம் எது என்று குருவைக் கேட்டார். அவள் ஒரு பலூனை எடுத்து நேரே முகத்தின் மேல் வைத்தாள். சண்டை அதில்தான் வந்தது.

செலின் நூலை அறுத்தாள்.

“வேற எங்க வைக்க? நீங்களே காட்டுங்க அண்ணாச்சி.”

அவர் விசிறியின் மேல் வைத்தார். பலூனின் அடிவயிறு கோமதியின் கண்ணை மறைத்தது. காப்பியின் மேல் வைத்தார். வாய் போயிற்று. எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று கேட்டார். வாசிக்கப் பூதக்கண்ணாடி சேர்த்துக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். வசனத்தைக் குறைக்கலாமே என்று அவளே சொன்னாள். முடியாது, அன்றைக்குப் பேசியது ஒரு சொல் குறையாமல் தனக்கு மனப்பாடம், ஒன்றை எடுத்தாலும் தன் பக்க நியாயம் போய்விடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணம். கோமதி வருகிறாள். அதை விட்டால் எந்தக் கல்யாணத்தில் அவளைப் பிடிப்பது?

செலின் பலூன்களைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினாள்.

“இதுல அவ பலூன் எது?”

அவர் தேடினார். புரட்டிப் புரட்டித் தேடினார்.

“இல்லையோ?”

“அவ... சொல்ல வந்தா டீச்சர்.”

“என்ன சொன்னா?”

கொடியில் தாள்கள் ஆடின.

“நான் பேசிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

செலின் அடுப்பைப் பற்றவைத்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் சுவரில் சாய்ந்தார். தூங்கிவிட்டார் என்பது என் கருத்து. அவரைக் கேட்டால் கண்ணைக்கூட மூடவில்லை என்பார்.

மாடியிலிருந்து பார்த்தால் உப்பளம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு பாத்திக்கும் நடுவே ஒரு வரப்பு. அவர் அந்த வரப்பில் நடந்துகொண்டிருந்தார். கால் தரையில் பட்டதாகவே இல்லை. பாத்திகளில் தண்ணீர் இல்லை, உப்பும் இல்லை. மை படாத தாள்போல ஒரே வெள்ளை. தூரத்துப் பாத்தி ஒன்றில் கோமதி பையோடு நின்றாள். முகம் இவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. உதடு அசைந்தது.

கோமதி, நில்லு என்றார். சொன்னது சத்தமாக வரவில்லை. வெள்ளையாக, உருண்டையாக வாயிலிருந்து புறப்பட்டு அவருக்கு முன்னால் மிதந்தது. அதைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். நான் சொல்லுததைக் கேளு என்றார். இன்னொன்று வந்தது. அப்பா உனக்குக் கெடுதல் நினைப்பேனா என்றார். அது பெரிது, மேகம்போல. ஒவ்வொன்றும் அடுத்ததை முட்டி, மெத்துமெத்தென்று வானத்தை அடைத்தது. பாத்திகளின் மேல் நிழல் விழுந்தது. நிழலில் உப்பு விளையாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். வாயை மூடத்தான் தெரியவில்லை. என்னால நிறுத்த முடியலையே என்று அழுதார். அதுவும் ஒரு பலூனாக வந்து, கடைசியாகத் தெரிந்த அவள் நெற்றியை மூடிக்கொண்டது.

விழித்தபோது மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. அவர் பக்கங்கள் தரையில் வரிசையாகக் கிடந்தன. செலின் அவருடைய பலூன் ஒன்றை எடுத்துக் குப்புறத் திருப்பினாள். பின்புறம் வெள்ளையாக இருந்தது. கத்தரியால் அதைச் சின்னதாக வெட்டினாள், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெருத்த அளவுக்கு. கோமதியின் வாயோரம் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. முகம் முழுசாகத் தெரிந்தது.

மிச்சப் பலூன்களைக் காப்பித்தூள் டப்பாவில் போட்டு மூடினாள்.

நெல்லையப்பன் டப்பாவைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பார்த்தார்.

“அதெல்லாம் எடுத்துட்டா, இதுல வாசிக்க என்ன இருக்கு டீச்சர்?”

“அந்தப் பிள்ள முகம் இருக்கே.”

வெகுநேரம் பார்த்தார். வரைந்தவர் அவர்தான். ஆனாலும் அப்போதுதான் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

“சரி. இந்தச் சின்னதுக்குள்ள என்ன எழுத?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே.”

“எனக்கும் தெரியலையே டீச்சர்.”

“நீங்க அங்க இருந்தீங்களே, அண்ணாச்சி.”

செலின் ஊசியில் நூல் கோத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு, தன் பக்கங்களைத் தானே தைக்க உட்கார்ந்தார். தையல் கோணல்தான். அவள் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு ஓடியது. கோமதி மண்டபத்தின் பின்வரிசை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர்கள் உறையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெல்லையப்பன் போய் அவள் மடியில் புத்தகத்தை வைத்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ஒரு பக்கம் புரட்டினாள். அப்பா கை நீட்டி, வாய் திறந்து நிற்கிறார், சொல் இல்லை. அடுத்த பக்கத்திலும் வாய் திறந்திருக்கிறது, சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் கதவு, பை, நெற்றியில் ஒட்டிய ஈர முடி. வாயோரம் சின்னதாக ஒரு வெள்ளை. அவள் விரல் அதன்மேல் நின்றது.

நெல்லையப்பன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அவளிடம் நீட்டினார்.

“இந்த இடத்துல நீ அன்னைக்கு என்ன சொல்ல வந்தேன்னு எழுதித் தாயேன், தாயி.”

சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார்.