கொழு இல்லாத கலப்பை

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு மடத்தில் கொழு இல்லாத கலப்பைக்கு வருஷம் தவறாமல் சந்தனம் பூசினார்கள். மண்ணைக் கீறுகிற அந்த இரும்பு முனையை மடத்தை நிறுவிய பெரியவரே கழற்றி எடுத்துவிட்டாராம். மடத்து மேய்ச்சல் நிலமான ஏழு ஏக்கர் காட்டில் இனி யாரும் ஏர் வைக்கக் கூடாது என்று தன் சீடர் தவசியப்பரிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவர் கண்ணை மூடினார். தவசியப்பர் குருவாகி இருபத்தாறு வருஷம் ஆயிற்று. கலப்பையின் மேல் சந்தனம் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

அங்கே மாடுகளைப் பார்த்துக்கொண்டவள் நாச்சாயி. ஐம்பது வயதுக்கு மேல் வந்து தீட்சை வாங்கியவள். தியானத்தில் உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவாள். ஆனால் பதினோரு மாட்டில் எது எந்தக் காலை ஊன்றி எழும் என்று கேட்டால் உடனே சொல்வாள்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை அவள் காட்டைப் போய்ப் பார்த்தாள். ஏழு ஏக்கரும் மாடு மிதித்து மிதித்து இறுகிப்போய், பெய்த தண்ணீர் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. கொழுக்கட்டைப் புல் இருந்த இடமெல்லாம் நெருஞ்சி. வைக்கோல் போர் இன்னும் இரண்டு மாதம் தாங்கும். அதற்குப் பின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று மடத்து நிர்வாகம் பார்க்கும் மணியக்காரர் ஆறுச்சாமி முடிவு செய்திருந்தார். வற்றிய மாடு சந்தையிலிருந்து எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை, அவ்வளவுதான்.

நாச்சாயி குருவிடம் போனாள். இந்த ஈரத்தில் உழுது சோளம் விதைத்தால் எழுபது நாளில் மாட்டுத் தீவனத்துக்குத் தட்டு அறுக்கலாம், கூடவே புல் விதையும் தூவிவிட்டால் போதும், அப்புறம் பல வருஷத்துக்குக் காட்டைத் தொடவே வேண்டாம் என்றாள். அடிக்கடி உழுதால் புல் வேர் பிடிக்காது என்பதையும் சொன்னாள்.

"பெரியவர் வேண்டாம்னு சொன்ன காடு" என்றார் தவசியப்பர்.

"அவர் சொன்னப்பப் புல்லு இருந்துதுங்க சாமி."

"நான் வாக்குக் குடுத்திருக்கறேன்."

"மாட்டுக்கு ஆருங்க வாக்குக் குடுத்தது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

நாச்சாயிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேராகப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த கலப்பையை இறக்கினாள். தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவினாள். கொல்லரிடம் ஒரு புதுக் கொழு வாங்கிப் பொருத்தி, பக்கத்துத் தோட்டத்து எருதுகளை இரவல் கேட்டு ஓட்டிவந்தாள்.

ஆறுச்சாமி நான்கு பேரோடு ஓடிவந்து வழியை மறித்தார். ஏர் காட்டுக்குள் இறங்கினால் மடத்தில் அவளுக்கு இடமில்லை என்றார்.

"போறனுங்க. வெதச்சுப்போட்டுப் போறன்" என்று சொல்லி எருதுகளை அதட்டினாள். மறித்தவர்கள் தானாக விலகினார்கள்.

அந்தப் பக்கத்தில் யார் உழுதாலும் வடகிழக்கில், ஈசானி மூலையில்தான் முதல் உழவுச் சால் பிடிப்பார்கள். அவளும் அங்கேதான் பிடித்தாள். பத்தடி போவதற்குள் ஏதோ இடித்து எருதுகள் நின்றுவிட்டன. குனிந்து கையால் மண்ணைத் தள்ளினாள். துருப்பிடித்த பழைய கொழு ஒன்று கிடந்தது.

அதற்குள் தவசியப்பரும் வந்துவிட்டார். அவளை அவரே விரட்டட்டும் என்று ஆறுச்சாமி சந்தோஷமாக ஒதுங்கி நின்றார். தவசியப்பர் கொழுவை வாங்கி வேட்டியில் துடைத்தார். கலப்பையிலிருந்த புதுக் கொழுவைத் தட்டிக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார். தேய்ந்த மரத்தில் தேய்ந்த இரும்பு இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது.

"பெரியவரோடதுங்களா?"

"ஆமா."

"இதைய ஏனுங்க இங்க பொதச்சாரு?"

"உழ வர்றவங்க எந்த மூலையில ஆரம்பிப்பாங்க, நாச்சாயி?"

அவள் தான் ஏர் பிடித்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அவமானமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"இருபத்தாறு வருஷமா இது எனக்காகக் கெடந்திருக்குது" என்றார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விதைக் கூடையை எடுத்தார். பழைய கொழு கீறிய சாலிலேயே அவள் பின்னால் நடந்து விதைத்தார். ஈரம் காய்வதற்குள் ஏழு ஏக்கரும் முடிந்தது.

விதைத்து முடித்த சாயங்காலம் ஆறுச்சாமி பணிவாக வந்து நின்றார். இனி வருஷா வருஷம் உழுது சோளமே போட்டுவிடலாமே, மடத்து விதியைத் திருத்தி எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

"திருத்த வேண்டாம். இந்தக் காட்டுல இனி ஆரும் ஏர் வெக்கக் கூடாது. கலப்பையக் கழுவி மறுபடியும் சுவத்துல மாட்டு" என்றார் தவசியப்பர்.

நாச்சாயி திகைத்துப்போனாள். கோபமும் திரும்பி வந்தது.

"அப்ப நான் செஞ்சது தப்புங்களா சாமி?"

தவசியப்பர் பழைய கொழுவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"போயி ஈசானி மூலையில பொதச்சுப்போட்டு வா. ரொம்ப ஆழமா வேண்டாம்."