உதிர்ந்த பூவை ஏந்திய சுடலைவடிவு அம்மையார்

1961ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாள், நாகமுடி மலையில் குகைநாதர் கோயில் பாறையிலிருந்து இருபத்திரண்டு காசித்தும்பைச் செடிகள் கிழங்கோடு பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னர்த் தாவரவியல் நூலில் அச்செடிக்குச் சூட்டப்பட்ட பெயர், பெயர்ப்பதற்கு ஆள் கொடுத்த தேயிலைத் தோட்ட மேனேஜருடையது. பதினான்கு ஆண்டுகள் அதைக் காத்த சுடலைவடிவு அம்மையாரின் பெயர் அந்நூலின் அடிக்குறிப்பில்கூட இல்லை. இது அநீதி. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

அம்மையார் தேயிலை ஆலையில் தூள் கூட்டியவர். கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே நாள்தோறும் குகைக்கோயிலுக்கு ஏறிவிடுவார். குகைவாயிலுக்கு வெளியே, நீர் கசியும் பாறையில் அச்செடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பைக்குத் தண்டு உண்டு, இதற்கு இல்லை. கிழங்கிலிருந்து நேரே ஓர் இலை, ஒரு காம்பு, காம்பின் நுனியில் வால் நீண்ட இளஞ்சிவப்புப் பூ.

அம்மையார் அதில் ஒரு பூவையும் பறித்ததில்லை. பாறையின் அடியில் வெளுத்த துணியொன்றை விரித்துக் கட்டிவைப்பார். தானாக உதிர்ந்து, மண்ணைத் தொடாமல் துணியில் விழுந்தவற்றையே பூசாரி தளவாயிடம் கொடுப்பார். தளவாய் அவற்றை முகஞ்சுளித்தே வாங்குவார்.

"ஏட்டி வடிவு, செடியில அம்புட்டுப் பூ நிக்கி. நீ உதுந்ததப் பொறுக்கிட்டு வந்து நீட்டுத. சாமி என்ன குப்பத்தொட்டியா?"

"பறிச்சா காய் நிக்காது சாமி. உதுந்தா நிக்கும். பூவும் அவருக்கு வேணும், பிஞ்சும் அவருக்கு வேணுமில்லா?"

உண்மை அதுவே. இதழ் உதிர்ந்த காம்பில்தான் காய் முற்றும். பேராசிரியர் சபேசன் தேடி வந்ததும் அந்தக் காயைத்தான். காசித்தும்பைப் பேரினத்தை வகைப்படுத்தும் பணியில் மூன்றாண்டுகளாக அம்மலையைச் சுற்றியவர் அவர். பூத்த செடிகளையெல்லாம் பிடுங்கித் தாளில் அழுத்தியே மற்றப் பாறைகளை மொட்டையாக்கியிருந்தார். இந்தச் சிற்றினம் பேரினத்தின் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய விதை வேண்டும். விதையோடு எஞ்சியிருந்தது அம்மையாரின் பாறை ஒன்றே.

அன்று காலை அவர் நான்கு தோட்டத் தொழிலாளருடன் வந்து காயை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதிய அய்யா," என்றார் அம்மையார். "தொட்டா தெறிச்சிரும். துணிய விரிச்சுட்டு ரெண்டு நாள் இருங்க. அதுவே தரும்."

"எனக்கே பாடமா? இந்தப் பேரினத்துக்கு லத்தீன்ல என்ன பேர் தெரியுமா உனக்கு? பொறுமை இல்லாததுன்னு அர்த்தம்."

"அதுக்கா பொறும இல்ல? ஏழெட்டு மாசம் பொட்டுத் தண்ணியில்லாம பாறையில கெழங்காக் கெடந்து, மழை வந்தப்புறம் எந்திரிக்கிற செடி அய்யா இது. பேரு வச்சவருக்குத்தான் பொறும பத்தாம இருந்திருக்கும்."

தொழிலாளர் சிரித்துவிட்டனர். பேராசிரியர் முற்றிய காயொன்றை வெடுக்கென்று பற்றினார், அது வெடித்தது. அடுத்ததைப் பற்றினார், அதுவும் வெடித்தது. இப்படியே காய்கள் அனைத்தும் போயின. ஒரு விதையும் கையில் தங்கவில்லை. தம் பிழையால் நேர்ந்த வெட்கத்தை அவர் செடிகளின்மேல் காட்டினார்.

"எல்லாத்தையும் பேத்து எடுங்க."

அம்மையார் மண்ணில் விழுந்து கும்பிட்டார். "ரெண்டே ரெண்ட மட்டும் விட்டுருங்கய்யா. அதுவும் போச்சுன்னா இந்த மலையில வேற கெடையாது."

"காட்டுச் செடிக்கு நீ என்ன பட்டாதாரியா?" என்றார் படித்தவர். இரண்டையும் விடவில்லை. அவர் பின்னர் அச்சிட்ட நூலில், 'விதை அறியப்படவில்லை' என்று ஒரு வரி உண்டு. ஏன் அறியப்படவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

பெரிய மனிதரிடம் வாய் காட்டிய குற்றத்துக்காக மேனேஜர் அம்மையாரை ஆலையிலிருந்து நீக்கிக் கக்கூஸ் கழுவும் வேலைக்கு மாற்றினார். அந்தக் கை தொட்டது கோயிலுக்கு ஆகாதென்று தளவாய் அவரைக் குகைக்குள் நுழைய விடவில்லை. அம்மையார் வாயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டார். மொட்டைப் பாறையின் அடியில் வழக்கம்போலத் துணியை விரித்தார்.

"என்னத்த ஏந்தப் போற? பாறை பூக்குமா?" என்று தோட்டத்துக் கங்காணி கேட்டார்.

"என் வேல விரிக்கது, அண்ணாச்சி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஓராண்டு கடந்தது. துணியில் மழைநீரைத் தவிர வேறொன்றும் விழவில்லை. இரண்டாம் ஆண்டு ஆடித் திங்கள், ஒரு திங்கட்கிழமை காலை, குகையைத் திறந்த தளவாய் உள்ளேயே நின்றுவிட்டார். லிங்கத்தின் முடியில் மூன்று இளஞ்சிவப்புப் பூக்கள் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது பூ வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டடி உயரத்தில், இறைவனுக்கு நேர்மேலே, குகையின் கூரைப் பாறை முழுவதும் அச்செடிகள் தலைகீழாய்ப் பூத்துத் தொங்கின. வெளியே வெடித்த காயின் விதை அவ்வளவு தொலைவு சென்று, அவ்வளவு உயரம் ஏறியது எப்படி? அந்நூலில் இதற்கு விடை கிடையாது. அடியவளை உள்ளே விடாதவர்கள் விடாமல் இருக்கட்டும் என்று, அவள் கொடுக்கும் முறையிலேயே இறைவன் தானே நேராகப் பெற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டான்.

தளவாய் வாயிலுக்கு வந்து, "உள்ள வா தாயி," என்றார்.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்து வாங்க சாமி," என்றார். "ஒங்க காலுகிட்ட பூ ஒண்ணு கெடக்கு."

தனக்கென்று ஒரு பூவையும் நாடாத தூயவர் அவர். ஈசன் முடிமேல் மலர் விழும் நாளெல்லாம் அவர் தொண்டு வாழும். வாசகரே, அம்மலைக்கு நீங்களும் போவீர்கள், பூவைக் காண்பீர்கள், கை துறுதுறுக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.