முகிலி கடந்த பாலம்

மலையடிவாரத்து மடத்துக்குள் வடிவம்மாள் ஓடி வந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"சாமி, கிடைச்சிட்டு! இருபத்துநாலாம் அத்தியாயம் கிடைச்சிட்டு!"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் அவர்தான் குரு. ஏழு வருடமாக அவரிடம் பாடம் கேட்கிறாள்.

"மெதுவா, மெதுவா. பேரப்பிள்ளை பிறந்தாச்சா?"

"இன்னும் இல்ல சாமி. விடியக்காலமே மக பகவதியை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. பூனாவுல மாமியார்க்காரி கூட இருக்கா. இது வேற விஷயம்."

துணிப்பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தாள். ஒன்று பழையது. அவளுடைய ஒன்பதாம் வயதில் வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடர்கதை. அவள் அப்பா வாராவாரம் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, சணலால் தைத்து, காக்கி அட்டை போட்டுக் கொடுத்தது. பாதிப் பக்கங்களின் பின்னால் பல்பொடி விளம்பரம். இன்னொன்று, அதே கதை புத்தகமாக அச்சாகி வந்தது. மகன் எங்கேயோ தேடிப்பிடித்துக் கூரியரில் அனுப்பியிருந்தான்.

"என் புத்தகத்துல அந்த ஒரு வாரம் மட்டும் கிடையாது சாமி. பக்கத்து வீட்டு அத்தை இரவல் வாங்கிட்டுப் போனா. போனது போனதுதான்."

"அடப்பாவமே! எந்த இடத்துல நிக்குது?"

"நூல் பாலத்துல! பாதாளத்துக்கு மேல சிலந்தி நூல்ல கட்டின பாலம். பின்னால இருந்து எரிஞ்சுக்கிட்டே வருது. முன்னால பூதம். நடுவுல முகிலி. அப்ப என் வயசுதான் அவளுக்கும். அடுத்த வாரம்னு போட்டுட்டான். அதுக்கு அடுத்த வாரத்தை எடுத்தா, அக்கரையில உக்காந்து கால் கழுவுதா. ஒரு கால்ல கொலுசு இல்ல!"

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"எப்படிக் கடந்தா?" என்றார் சாமி.

"அதைத்தானே இப்பப் படிக்கப்போறோம்!"

"அது இருக்கட்டும். இந்த நாப்பத்தொன்பது வருஷமா உங்க மனசுக்குள்ள எப்படிக் கடந்தா?"

வடிவம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அவ தீயைப் பார்க்கல சாமி. பூதத்தையும் பார்க்கல. அடுத்த முடிச்சை மட்டும் பார்த்தா. ஒவ்வொரு முடிச்சுல கால் வைக்கும்போதும் பிடிச்சவங்க பேரு ஒண்ணைச் சொன்னா. அம்மான்னா. முடிச்சு இறுகிச்சு. அப்பான்னா. அடுத்தது இறுகிச்சு. பேரெல்லாம் தீர்ந்துபோயி, கடைசியில எங்க வீட்டுக் கறுத்த பசு பேரைக்கூடச் சொன்னா!"

"பூதம்?"

"கொலுசைக் கழட்டி அது கையில கொடுத்தா. ஆட்டிப் பார்த்துச்சு. சத்தம் பிடிச்சுப்போச்சு. கைப்பிள்ளை மாதிரி உக்காந்து ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. இவ ஓரமா நழுவிட்டா!"

பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அடுக்களையில் பருப்பு பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"பகவதிக்கு இதுன்னா உயிரு. பரீட்சைக்குப் போகும்போதும் கேட்பா. மணவறைக்கு வரும்முன்னால கூடக் காதுல சொல்லச் சொன்னா. இன்னைக்கும் பிரசவ அறைக்குள்ள போகும்முன்ன போன் பண்ணுதேன், பாலத்தைச் சொல்லுன்னிருக்கா."

"சரி, படிங்க."

முருகா என்று சொல்லிக்கொண்டு புதுப் புத்தகத்தைப் பிரித்தாள். உரக்கப் படித்தாள். போகப் போகக் குரல் இறங்கியது.

முகிலி பாலத்தின் நடுவில் மயங்கி விழுந்தாள். மேக ரதத்தில் ஓர் இளவரசன் வந்து தூக்கிக்கொண்டு போனான். கண் விழித்தபோது அக்கரை. கொலுசு வழியில் கழன்று விழுந்துவிட்டதாம். மொத்தம் இரண்டே பக்கம்.

புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவ நடக்கவே இல்லியே சாமி."

சாமி கீரைத்தண்டை ஒடித்தார்.

"இல்லாத ஒண்ணையா என் பிள்ளைக்கு இத்தனை வருஷமும் சொல்லிக்கொடுத்தேன்? கதாசிரியர் எழுதினது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. இப்பக் கூப்பிடுவாளே, நான் எதைச் சொல்ல?"

கேட்டு வாய் மூடவில்லை, பைக்குள் போன் அடித்தது.

"அம்மா." பகவதியின் குரல் மடம் முழுக்கக் கேட்டது. "வலி கூடிட்டும்மா. உள்ள கூப்பிடுதாங்க. சீக்கிரம் சொல்லு."

வடிவம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கண் கலங்கச் சாமியைப் பார்த்தாள்.

சாமி புதுப் புத்தகத்தை மூடித் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"உங்க மக இப்ப எந்தப் பாலத்து மேல நிக்குதா, வடிவம்மா?"