வெள்ளிக்கிழமை படுத்துக்கொண்ட குதிரை

குதிரைகள் கப்பலேறிக் கடல் தாண்டி வந்த காலத்தில் செம்மணற்பாடி என்றொரு நாடு இருந்தது. அதை வில்லவராயர் என்றொரு அரசர் ஆண்டார். அவருக்கு மீசை பெரிது. கோபம் மீசையைவிடப் பெரிது. மகள்மீது வைத்த பாசம் இரண்டையும்விடப் பெரிது. ஆனால் அதை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார்.

மகள் பெயர் வெயினி. வயது பதினைந்து. அவள் தொண்டைக்குள் ஓர் ஊரே குடியிருந்தது.

சமையற்கட்டின் சன்னலோரம் நின்று, தலைமைச் சமையற்காரர் குரலில், "பாயசத்துக்கு இன்னொரு கை உப்புப் போடுங்கப்பா!" என்பாள். போட்டுவிடுவார்கள். கோட்டை வாசலில் ஒளிந்துகொண்டு, தளபதி குரலில், "எல்லாரும் படுத்துத் தூங்குங்கடா!" என்பாள். தூங்கிவிடுவார்கள். ஒருநாள் அரியணைக்குப் பின்னால் திரைமறைவில் நின்று, அரசர் குரலிலேயே, "இன்றைக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பணியாரம் சாப்பிடுங்கள்!" என்றாள். உண்மையான அரசர் வந்து பார்த்தபோது அவையில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு மீசை துடித்த துடிப்பைக் கேட்காதீர்கள்.

"இனிமேல் உன் வாயில் உன் குரல் மட்டும்தான் வரவேண்டும். செய் சத்தியம்!" என்றார் அரசர்.

அழுதுகொண்டேதான் செய்தாள். ஆனாலும் செய்தாள்.

அந்த வாரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு வயதுக் குதிரைக் குட்டி ஒன்று தள்ளாடிக்கொண்டே இறங்கியது. காய்ந்த இஞ்சியின் நிறம். பார்த்தவுடனே வெயினி அதற்குச் 'சுக்கு' என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்தாகிவிட்டதே, அப்புறம் எப்படி விடுவது?

ஆனால் மேற்கு மலைச் சிற்றரசர் முந்திக்கொண்டு அந்தக் குட்டியைக் கேட்டிருந்தார். அவரிடம் மூன்று சவுக்குகள் உண்டு. மிரட்ட ஒன்று, அடிக்க ஒன்று, சும்மா கையில் வைத்துக்கொள்ள ஒன்று. அவர் லாயத்துக்குப் போன குதிரைகள் மறுபடி கனைத்ததாக யாரும் சொன்னதில்லை.

"எனக்கு வேணும்ப்பா!" என்றாள் வெயினி.

"எதையாவது முழுசாய்ச் செய்திருக்கிறாயா நீ?" என்றார் அரசர். "சரி. வசந்த விழா அன்று ஊர் முன்னால் இது உன் சொல்லுக்கு நடக்கவேண்டும், ஓடவேண்டும், நிற்கவேண்டும். மூன்றும் செய்தால் உனக்கு. ஒன்று தவறினாலும் மலைக்குப் போய்விடும்."

வெயினி அன்றே மூன்று பெரியவர்களிடம் ஓடினாள்.

குதிரைப்படைத் தளபதி பீரங்கிபோல வெடித்தார். "ஓட்டணும்! தினமும் ஓட்டணும்! அது மூச்சு வாங்கணும், நீங்க மூச்சு வாங்கணும், பார்க்கிற நானும் மூச்சு வாங்கணும்!"

குதிரை வைத்தியர் ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் வெளியே விட்டார். "எலும்பு... இளசு... தாயீ. முருங்கைக்கொம்பு மாதிரி... படக்குன்னு போயிரும். முதுகுல ஏறவே கூடாது. நடத்துங்க. மணல்ல நடத்துங்க. அப்புறம்... படுக்கப் போடுங்க."

அரண்மனைச் சோதிடர் மூக்கால் பேசினார். "மனுஷாளுக்கு மட்டுமா சூலம், அம்மணீ? குதிரைக்கும் உண்டு! திங்கள் கிழக்கே ஆகாது, செவ்வாய் வடக்கே ஆகாது, கிழமை பார்த்துத் திக்கை மாற்றணும், ஆமா!"

மூவரையும் அப்படியே பேசிக்காட்ட வெயினிக்கு நாக்கு அரித்தது. கடித்துக்கொண்டாள். மூவர் சொன்னதையும் சேர்த்து, ஒரு வாரத்தை எடுத்துக் குதிரையின் அளவுக்கு வெட்டித் தைத்தாள்.

திங்கட்கிழமை மேற்கே தோட்டங்களின் ஓரமாய் நடை. அங்கே மொக்கையன் என்பவர் ஏற்றம் இறைத்துக்கொண்டே பாடுவார். "வாஆ தண்ணீ வாஆ... போஓ வாளி போஓ..." அந்த இழுவைக்குச் சுக்கு தலையை ஆட்டி ஆட்டி நடக்கும். செவ்வாய்க்கிழமை தெற்கே சந்தைத் திடலில் ஓட்டம். சந்தைக்கு வரும் உப்புக்காரி பேச்சாயி கூடையை இறக்கும்போது, "உப்போஓஓய் உப்பு!" என்று ஒரு கூவல் போடுவாள், காக்கைகள் மரம் மாறி உட்காரும். புதன் ஆற்றுமணல். வியாழன் நீளக்கயிற்றில் வட்டம்.

வெள்ளிக்கிழமை வெயினிக்கு எண்ணெய் முழுக்கு. முழங்கால் வரைக்கும் தொங்குகிற கூந்தல் காய்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஆகவே குதிரைக்கும் ஓய்வு. கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சங்கு ஊதினால் சுக்கு மணலில் விழுந்து, நாலு காலையும் தூக்கி, வயிற்றை வெயிலுக்குக் காட்டும்.

சனிக்கிழமைதான் வேடிக்கை. அன்று அசையாமல் நிற்கிற பயிற்சி. "பக்கத்திலே ஒருத்தர் பேசிண்டே இருக்கறச்சே நிற்கறதுதான் கஷ்டம், அம்மணீ. நான் வந்து பஞ்சாங்கம் வாசிக்கறேன்!" என்றார் சோதிடர். வாசித்தார். சுக்கு கண்ணைப் பாதி மூடி, உதட்டைத் தொங்கப் போட்டு, கடைசி வரைக்கும் நின்று கேட்டது. அரண்மனையில் அதுவரை யாரும் செய்யாத சாதனை அது.

ஞாயிற்றுக்கிழமை மேய்ச்சல்; புல்லாச்சு, சுக்காச்சு.

வாரம் ஓட ஓடக் குட்டி தேறியது. மார்பு அகன்றது, கால் உறுதிப்பட்டது. வெயினி தன் சொந்தக் குரலில், "நட!" என்றால் நடக்கும், "ஓடு!" என்றால் ஓடும், "நில்!" என்றால் நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காற்றுத்தான் வந்தது. என்ன செய்வதென்று அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சாயி கூவினாள்; சுக்கு பிய்த்துக்கொண்டு ஓடியது.

'அடடா! நான் நினைத்தாலே போதும் போலிருக்கே!' என்று வெயினி பூரித்துப்போனாள்.

பூரிக்கட்டும். நீங்கள் மட்டும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்த விழா வந்தது. அது வெள்ளிக்கிழமை வந்தது. 'எந்தக் கிழமையாய் இருந்தால் என்ன?' என்று வெயினி தலை குளித்து, பூ வைத்து, சுக்கின் பிடரியிலும் பூச் சுற்றி, துள்ளிக்கொண்டு திடலுக்கு வந்தாள்.

ஊரே கூடியிருந்தது. மேடையில் அரசர். அவர் பக்கத்தில் மலைச் சிற்றரசர். மடியில் மூன்று சவுக்குகள், காலடியில் சுக்கைக் கட்டிக்கொண்டு போக ஒரு புதுக் கயிறு.

விழா தொடங்கவேண்டாமா? கோயில் சங்கு முழங்கியது.

சுக்கு காதை நிமிர்த்திக் கேட்டது. இடம் பார்த்தது. பிறகு நிதானமாக முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, பொத்தென்று விழுந்து, நாலு காலையும் வானத்துக்குத் தூக்கியது.

திடல் சிரிப்பில் குலுங்கியது.

"நட!" என்றாள் வெயினி. சுக்கு இடப்பக்கம் புரண்டது.

"நடடா தங்கம்!" என்று வெல்லத்தை நீட்டினாள். வெல்லத்தை வாங்கிக்கொண்டு வலப்பக்கம் புரண்டது.

"எழுந்திரு, சுக்கு... உன்னைக் கொண்டுபோயிடுவாங்க..." என்று கெஞ்சினாள். சுக்கு சுகமாய் ஒரு பெருமூச்சு விட்டது.

"மூன்று முறை முரசு அடிக்கட்டும்," என்றார் அரசர். குரலில் உற்சாகமே இல்லை. "அதற்குள் எழாவிட்டால் சொன்னது சொன்னதுதான்."

தும்! முதல் முரசு.

"பார்த்தீங்களா அண்ணாச்சி, செல்லம் கொடுத்தால் இப்படித்தான்!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது வெயினி காதில் விழுந்தது. சிற்றரசர் சிரித்துக்கொண்டே முதல் சவுக்கைக் கையில் எடுத்தார்.

அந்த நேரத்தில் அவள் தொண்டைக்குள் அப்பாவின் குரல் வந்து நின்றது. 'விழா முடிந்தது! எல்லாரும் பணியாரம் சாப்பிடப் போங்கள்!' ஒரே ஒரு வரி போதும். கூட்டம் கலைந்துவிடும். கலையும் என்பது அவளுக்கு அனுபவம்.

வாயைத் திறந்தாள். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். ஒரு ஊரையே விழுங்குவதுபோல இருந்தது.

தும்! இரண்டாவது முரசு.

அவள் குனிந்து சுக்கின் முகத்தைப் பார்த்தாள். அதில் பிடிவாதமே இல்லை. பாதி மூடிய கண், தளர்ந்த உதடு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருக்கிற அதே முகம். 'நான் சரியாய்த்தானே செய்கிறேன்?' என்று கேட்கிற முகம்.

வெயினிக்குச் சுரீரென்று உறைத்தது. சங்கு கேட்டால் படுக்கை. பேச்சாயி கூவினால் ஓட்டம். ஏற்றப்பாட்டுக்கு நடை. பஞ்சாங்கத்துக்கு நிற்பு. இத்தனை நாளும் அவள் வாயிலிருந்து வந்ததை அது கேட்கவே இல்லை! வாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

மேடையடிக்கு ஓடினாள்.

"அப்பா, குதிரைமேல் தப்பில்லை. அது வெள்ளிக்கிழமை செய்யவேண்டியதைத்தான் செய்கிறது. என் சொல்லைக் கேட்கிறதென்று நான்தான் ஏமாந்துபோனேன். என் சத்தியத்திலிருந்து மூன்று குரலை மட்டும் எனக்குத் திருப்பித் தாருங்கள்."

"மூன்றா!" மீசை நிமிர்ந்தது. "அதில் என் குரல் உண்டா?"

"இல்லைப்பா. உங்கள் குரல் இப்போதுகூடத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்."

அரசர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் ஈரம் இருந்தது, விளையாட்டு இல்லை. முரசுக்காரரின் கையை ஒரு விரலால் நிறுத்தினார்.

"எடுத்துக்கொள்."

வெயினி திடல் நடுவில் போய் நின்றாள். வயிறு நிறைய மூச்சை இழுத்தாள்.

"வாஆ தண்ணீ வாஆ... போஓ வாளி போஓ..."

கூட்டத்தில் நின்ற மொக்கையன், "ஏய், நான் வாயைத் திறக்கவே இல்லையே!" என்று தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுக்கு ஒரு கண்ணைத் திறந்தது. மறு கண்ணைத் திறந்தது. எழுந்து, மண்ணை உதறி, தலையை ஆட்டி ஆட்டி நடந்தது.

"உப்போஓஓய் உப்பு!"

காக்கைகள் மரம் மாறின. சுக்கு பறந்தது. திடலைச் சுற்றிச் செம்மண் புழுதி எழும்ப, பிடரிப் பூக்கள் ஒவ்வொன்றாய் உதிர, காய்ந்த இஞ்சி ஒன்று மின்னலாய் ஓடியது. தளபதிக்கு மூச்சு வாங்கியது.

கடைசியாக வெயினி மூக்கைச் சுருக்கினாள். "சனிக்கிழமை, தேய்பிறை, காலையிலே ராகு காலம், ஆமா... கிழக்கே சூலம், பரிகாரம் தயிர், ஆமா..."

சுக்கு நட்ட கல்லாய் நின்றது. உதடு தொங்கியது. பழக்கதோஷத்தில் மேடையில் இருந்த அமைச்சர்கள் இருவர் கண்ணயர்ந்தார்கள்.

"நானா இப்படி இழுக்கறேன், ஆமா?" என்றார் சோதிடர். ஊரே, "ஆமா!" என்றது.

மலைச் சிற்றரசர் விடுவதாய் இல்லை. எழுந்து நின்று, "உப்பு!" என்று அதட்டினார். சுக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது சவுக்கை எடுத்துச் சொடுக்கி, "உப்பு! உப்பு!" என்றார். "கைப்பிடி உப்பு என்ன விலைங்க?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. சத்தியமாய் அது வெயினி இல்லை, உண்மையான பேச்சாயியேதான். சிரிப்பு அடங்குவதற்குள் சிற்றரசர் மூன்று சவுக்கையும் சுருட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். புதுக் கயிற்றை மறந்துவிட்டுப் போனார். அது பேச்சாயியின் உப்பு மூட்டை கட்ட உதவியது.

அரசர் மேடையிலிருந்து இறங்கி வந்து சுக்கின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "மூன்றும் செய்துவிட்டது. இனி இது உனக்குத்தான்," என்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மகள் தலையையும் தட்டிக்கொடுத்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாளே வெயினி வாரத்தைப் பிரித்து வேறு மாதிரி தைத்தாள். ஓட்டம் உண்டு, நடை உண்டு, ஓய்வும் குறையாமல் உண்டு. ஆனால் எந்த நாளில் எது, எந்த இடத்தில் எது என்று மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் சொல்லிவிட்டு, சுக்கின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாள். அடுத்த வசந்த விழாவில் அது அவள் குரலுக்கு மட்டுமே நடந்தது, ஓடியது, நின்றது. சங்கு முழங்கியபோது மட்டும் லேசாய்க் கொட்டாவி விட்டது.

அரசரும் சத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். வெள்ளிக்கிழமைதோறும், கூந்தல் காய்கிற வரைக்கும், அவள் யார் குரலில் வேண்டுமானாலும் பேசலாம். அன்று செம்மணற்பாடியில் யாரும் யார் சொன்னதையும் நம்பமாட்டார்கள். பாயசத்தை ருசி பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள்.

சுக்கு மணலில் புரண்டு எழுந்த கதை இவ்வளவுதான், கேட்டவர்களே. அது நமக்குச் சொல்வது இது: ஒருவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுப்பவர், தாம் சொன்னதை மட்டும் எண்ணி மகிழாமல், கற்பவர் உண்மையில் எதைக் கற்றுக்கொண்டார் என்று கவனித்துப் பார்க்கவேண்டும்.