பாடத்தில் இல்லாத ஆறு

முன்னொரு காலத்தில் நெடுங்கானல் நாட்டை மகிழ்மாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். காலையில் இட்ட ஆணையை மாலையில் மாற்றுவான். நண்பகலிலேயே மாற்றிவிடுவான் என்று சொல்வோரும் உண்டு. அந்நாட்டுக் கல்வியைத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேனிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் என நான்கு படிகளாக வகுத்தவர் பல்கலைக்கழகத் தலைவர் கலாதரர். ஒரு படிக்குரிய பாடத்தை மற்றொரு படியில் மூச்சுவிடவும் கூடாது என்பது அவர் விதி. அமைச்சர் உய்யவந்தாரின் இருக்கைமீது அவருக்கு நெடுநாளாகவே கண்.

நான்கு படிகளும் ஏறி முடித்த இளவரசனிடம் அயல்நாட்டுத் தூதர் ஒருவர், சாளரத்துக்கு வெளியே கைகாட்டி, "இந்த ஆற்றின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"அது எங்கள் பாடத்தில் இல்லை" என்றான் இளவரசன்.

தூதர் வாயைப் பொத்திக்கொண்டு விடைபெற்றார். மறுநாள் அவையில் அரசன் சீறினான்: "என் மகனை இப்படி ஆக்கியவர் யாரோ, அவர் இன்றே நாட்டை விட்டுப் போகவேண்டும்!"

கலாதரர் கைகூப்பினார். "மன்னா, மேனிலைப் பள்ளி அனுப்பியதைத்தானே நாங்கள் வாங்கிக்கொண்டோம்?"

மேனிலைப் பள்ளித் தலைவர் நடுநிலைப் பள்ளியைக் காட்டினார். நடுநிலைப் பள்ளித் தலைவர், "அடித்தளமே ஆட்டம், அரசே" என்று தொடக்கப் பள்ளி ஆசிரியை தையல்நாயகியைக் காட்டினார்.

"பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேனே ஐயா! ஆறு தொடக்கப் பள்ளிப் பாடம் அல்ல என்று தடுத்தது நீங்கள்தானே?" என்றாள் அவள் கலாதரரிடம்.

"கேட்டீர்களா மன்னா, எதிர்ப்பேச்சை!" என்றார் கலாதரர். "அமைச்சர் பரிந்துரைத்து வந்தவர் அல்லவா?"

"அப்படியானால் இந்த அம்மாளே போகட்டும்" என்றான் அரசன்.

உய்யவந்தார் எழுந்தார். "ஆணைப்படியே, மன்னா. அதற்குமுன் ஒரு நற்செய்தி. கல்லாததைக் கற்றதுபோல் காட்டிக்கொள்ளாத இளவரசரின் அடக்கத்தைத் தூதர் வியந்து, அவரை உருவாக்கியவருக்கு முத்துப்பல்லக்கு அனுப்புகிறாராம். பாவம், பல்லக்கிலேயே அம்மாள் நாடு கடக்கட்டும்."

கலாதரர் துள்ளி முன்னே வந்தார். "பல்லக்கா? தொடக்கப் பள்ளியில் என்ன உருவாகும், மன்னா? வெறும் களிமண்! அந்த விடையை என் நாவால் நானே பயிற்றினேன். தெரியாத கேள்வி எது வந்தாலும் அப்படிச் சொல்லுமாறு இளவரசருக்கு நாள்தோறும் ஓதினேன்!"

"மற்றவர்களுக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டார் அமைச்சர்.

"துளியும் இல்லை!"

"மன்னா, பல்லக்கும் இல்லை, செய்தியும் இல்லை" என்றார் உய்யவந்தார். "தாங்கள் தேடியவர் மட்டும் தாமாகவே வந்து நிற்கிறார்."

அவை குலுங்கிச் சிரித்தது. அரசனும் சிரித்தான், வழக்கம்போல் ஆணையையும் மாற்றினான். "நாடு கடத்தினால் அயல்நாட்டாருக்கு அல்லவா துன்பம்? பல்கலைக்கழகத்தை இனி உய்யவந்தார் பார்த்துக்கொள்ளட்டும். கலாதரர் இன்றுமுதல் தையல்நாயகியின் முதல் வகுப்பில் உட்காரட்டும்."

தையல்நாயகி பதறிப்போனாள். "அரசே, வேண்டுமானால் என்னையே நாடு கடத்துங்கள். என் பிள்ளைகள் தெரியாததை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்பதை விட்டுவிடுவார்கள்!"

கலாதரர் பிறகு என்ன ஆனார் என்பதில் கதை சொல்வோர் ஒத்துப்போவதில்லை. எந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே வாய்.